திண்டிவனத்தின் பகா எண்

திண்டிவனத்துக்குக் கடிதம் போடுகிறவர்கள் முகவரிக்குக் கீழே 604001 என்று எழுதுகிறார்கள். 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த பின்கோடு முறையில் கிடைத்த எண் அது. பக்கத்து ஊரான விழுப்புரத்துக்கு 605602. இரட்டைப்படை என்பதால் அது உடனே இரண்டால் வகுபட்டுவிடும். திண்டிவனத்தின் எண் எதற்கும் மசியாது. 1ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத பகா எண் அது.

இதைச் சரிபார்ப்பது கடினமில்லை. 604001இன் வர்க்கமூலம் 777ஐச் சற்றே தாண்டுகிறது. இரண்டு எண்களின் பெருக்கமாக அதை எழுத முடிந்தால், சிறிய எண் 777க்குள்தான் இருந்தாக வேண்டும். எனவே 777க்குள் உள்ள 137 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 151ஆல் வகுத்தால் மீதி 1. 197ஆல் வகுக்க ஒன்றே ஒன்று குறைகிறது. கடைசியாக 773, மீதி 288. பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்குச் சில எண்களாகப் பிரித்துக்கொண்டு இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

எனக்கு இதைவிட அழகாகத் தெரிவது இன்னொரு குணம். நான்கால் வகுத்தால் மீதி 1 வரும் ஒவ்வொரு பகா எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், அதுவும் ஒரே ஒரு விதத்தில். 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா சொன்னதை ஆய்லர் பின்னர் நிரூபித்தார். நம் எண்ணும் நான்கால் வகுத்தால் மீதி 1 தருவதுதான்; அதற்கு அந்த ஜோடி 751, 200. 751இன் வர்க்கம் 564001; 200இன் வர்க்கம் 40000. கூட்டிப் பாருங்கள். இதே ஜோடியிலிருந்து ஒரு செங்கோண முக்கோணமும் பிறக்கிறது: பக்கங்கள் 524001, 300400, கர்ணம் 604001. இந்த எண்ணைக் கர்ணமாகக் கொண்டு, முழு எண் பக்கங்களோடு வேறு முக்கோணம் கிடையாது.

இந்த அளவுள்ள எண்களில் சராசரியாக 13க்கு ஒன்று பகா எண். மேலே போகப் போக அவை அரிதாகும். எவ்வளவு அரிது என்ற கேள்வி ராமானுஜனையும் பிடித்து ஆட்டியது; 1913இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலேயே அதைத் தொட்டிருக்கிறார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1910இல், கும்பகோணத்திலிருந்து ரயிலேறி விழுப்புரத்தில் வண்டி மாறித் திருக்கோவிலூர் போனவர் அவர். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமசாமி அய்யர் அங்கே துணை ஆட்சியராக இருந்தார்; அவரைப் பார்க்கத்தான் அந்தப் பயணம்.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, அதுவரை அறியப்பட்டவற்றிலேயே மிகப் பெரிய பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அதை வகுத்துப் பார்த்துச் சோதிக்க எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. அங்கே பக்கத்து எண்தான் கைகொடுக்கிறது. 604001க்கு ஒன்று முந்தைய 604000 என்பது 2, 5, 151 என்ற சின்னச் சின்னப் பகா எண்களாக உடைந்துவிடுவதால், 137 முறை வகுக்காமலே 604001ஐப் பகா எண் என்று நிரூபிக்கக் குறுக்கு வழி உண்டு. அந்தப் பேரெண்ணோடு ஒன்றைக் கூட்டினால், இரண்டை 13,62,79,841 முறை பெருக்கி வரும் எண். இரண்டைத் தவிர வேறு பகா எண்ணே அதற்குள் இல்லை. இப்படிப்பட்ட எண்களுக்கென்றே லூகாஸ்–லேமர் சோதனை என்று ஒன்று இருக்கிறது.