மலையடிவார மணியோசை – 9: சாமியார் வராத நாட்களில்

தென்காசிப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் ஒரு சாவு விழுந்தால், சாமியார் வருவதற்கு முன்னால் சபைக்காரர்கள், அதாவது கோயிலின் பக்தி சபைகளில் சேர்ந்த ஊர்க்காரர்கள், வந்துவிடுவார்கள். துக்க மணி அடிக்கச் சொல்லிவிடுவது, குழி வெட்ட ஆள் அனுப்புவது, கோயிலிலிருந்து சிலுவையையும் மெழுகுவத்தித் தண்டுகளையும் எடுத்து வருவது, ராத்திரி முழுக்கச் செபமாலை சொல்ல முறை போட்டு உட்காருவது எல்லாம் அவர்கள் பாடு. சாமியாருக்கு ஒரு பங்கு, அதற்குக் கீழே பல கிளை ஊர்கள். அவர் பைக்கில் வந்து, பூசை வைத்து, மந்திரித்து, கல்லறைத் தோட்டம் வரை நடந்துவிட்டு அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும். அவர் போன பிறகும் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

சென்ற வாரம் பார்த்த உபதேசியாருக்கு, ஊரில் செபமும் ஞானோபதேசமும் சொல்லித்தருகிறவருக்கு, சம்பளம் உண்டு, சிறியதானாலும். சபைக்காரர்களுக்கு அதுவும் கிடையாது. மாதச் சந்தா வேறு கட்ட வேண்டும்.

இப்படிச் சபையாகச் சேரும் வழக்கம் தெற்கே கடற்கரையில் பழசு. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் இருந்த அண்டிரிக் அடிகளாரை, 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டவர் என்ற அளவில் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். புன்னைக்காயலில் அவர் தொடங்கிய பிறரன்புச் சபையை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அச்சுப் புத்தகம் கண்காட்சிக்குப் போனது, சபையோ ஊருக்குள் தங்கிவிட்டது. அதே காலத்தில் ரோமாபுரியிலும் இப்படி ஒரு விதை விழுந்தது. 1563இல் ரோமைக் கல்லூரியில் யான் லெயோனிஸ் என்ற சேசு சபைக் குரு, பள்ளி மாணவர்களைச் சேர்த்து மரியாயின் சபை ஒன்றை ஆரம்பித்தார். 1648இல் இன்னொரு சேசு சபையார், வின்சென்சோ கராஃபா, நல்மரண சபையைத் தொடங்கினார். நல்ல சாவு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு சங்கம்! வேடிக்கையாகப் படலாம். ஆனால் காலராவும் பஞ்சமும் வந்துபோன ஊர்களில், நாம் சாகும்போது பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள், செத்த பிறகு நமக்காக வேண்டிக்கொள்வார்கள் என்ற உறுதி, இன்றைக்கு நாம் கட்டும் இன்சூரன்ஸைவிடக் கனமானது.

1773இல் பாப்பரசர் சேசு சபையையே கலைத்துப் போட்டார். அதன்பின் மதுரை மறைப்பணித் தளத்துக்குப் புதிய சேசு சபைக் குருக்கள் பிரான்சிலிருந்து திரும்பி வரும்போது 1830களின் கடைசி. நடுவே அறுபது ஆண்டுகளுக்கு மேல். கோவாவிலிருந்து வந்த குருக்கள் சிலர் இருந்தாலும், உள்நாட்டுக் கிராமம் ஒன்றில் பூசை காண்பது அபூர்வம். அந்த இடைவெளியில் ஞாயிற்றுக்கிழமைச் செபத்தை நடத்தியதும், சாகப்போகிற குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்ததும், பெரிய வெள்ளிக்கிழமை சிலுவையை முத்தி செய்ய வரிசை கட்டியதும் உபதேசியார்களும் ஊர்ப் பெரியவர்களும்தான். திருச்சபை வரலாற்றுப் புத்தகங்களில் ஆயர்களுக்கு அதிகாரம் அதிகாரமாக இடம் இருக்கிறது. இவர்களுக்கு ஒரு பத்தி இருந்தால் பெரிது.

தென்காசி வட்டாரம் நெடுங்காலம் மதுரை மறைமாவட்டத்தோடு இருந்தது. 1973இல் பாளையங்கோட்டை தனி மறைமாவட்டமானபோது அதற்குள் வந்தது. தென்காசி நகரத்தில் மிக்கேல் அதிதூதர் ஆலயம் இருக்கிறது. சுற்றி ஆவுடையானூர், சேர்ந்தமரம் என்று பழைய கத்தோலிக்க ஊர்கள். ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டால் மாதத்துக்கு ஒரு பக்தி: மார்ச்சில் சூசையப்பர், மே மாதம் மாதா வணக்கம், ஜூனில் திரு இருதயம், அக்டோபரில் செபமாலை, நவம்பரில் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்கள். ஜூலை 16 உத்தரிய மாதா திருநாள். குற்றாலத்தில் சாரல் கட்டி அடிக்கும் காலம். பழுப்பு உத்தரியத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு குடைக்கு அடியில் சுற்றுப்பிரகாரம் போவார்கள். இதற்கெல்லாம் தனித்தனியே சபைகள் இருந்தன. பிரான்சிஸ்குவின் மூன்றாம் சபை, திரு இருதய சபை, சூசையப்பர் சபை, சிறுபிள்ளைகளுக்குப் பாலர் சபை, நீல ரிப்பனில் பதக்கம் தொங்கும் மரியாயின் பிள்ளைகள். பெரும்பாலும் திருநாளன்று கொடி பிடித்துச் சப்பரத்துக்கு முன்னால் போவதோடு இவற்றின் வேலை முடிந்துவிடும். அவற்றைக் குறை சொல்லவில்லை, சப்பரத்துக்கு முன்னால் போகவும் ஆள் வேண்டும்தானே. ஆனால் என்னை நிறுத்திப் பார்க்கவைத்தவை இரண்டு: மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை.

மரியாயின் சேனை 1921 செப்டம்பர் 7 அன்று டப்ளின் நகரத்தில் பிறந்தது. பிராங்க் டஃப் என்ற அரசாங்க ஊழியரும் சில பெண்களும் ஒரு வீட்டு மாடியில் கூடியதிலிருந்து. பெயர், அமைப்பு எல்லாம் பழைய ரோமைப் படையிலிருந்து எடுத்தது. ஊரில் உள்ள குழு பிரசீடியம், அதற்கு மேலே கூரியா, அதற்கும் மேலே கொமித்சியம். செபத் தாளுக்குப் பெயர் தெசெரா. லத்தீன் ஒரு வார்த்தை படிக்காத பாட்டிகள் “நாளைக்குக் கூரியா இருக்கு, செங்கோட்டை பஸ்ஸப் புடிக்கணும்” என்று சாதாரணமாகச் சொல்வதைக் கேட்கலாம்.

பாவூர்சத்திரத்துக்கும் கடையத்துக்கும் நடுவில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். கூட்டத்தில் பேசுவது வெளியே போகக் கூடாது என்பது அவர்கள் விதி. என்னை ஒரு ஓரமாக உட்காரவிட்டதே சலுகை. ஆள் அடையாளத்தை மாற்றித்தான் எழுதுகிறேன். கோயிலை ஒட்டிய ஓட்டுக் கட்டடம். மேசைமேல் வெள்ளைத் துணி, நடுவில் கைகளைத் தாழ விரித்த மாதா சுரூபம், இரண்டு பக்கமும் பூச்சாடி, மெழுகுதிரி, முன்னால் புறா அமர்ந்த சின்னக் கொடிக்கம்பம். கொடிக்கம்பம் நீங்கலாக, டப்ளினில் முதல் நாள் வைத்த அதே ஏற்பாடு. உலகம் முழுக்க அப்படித்தான் வைக்க வேண்டுமாம். பூ மட்டும் நம்மூர்க் கனகாம்பரம். வந்திருந்த பெண்கள் ஏறக்குறைய எல்லோருமே பீடி சுற்றுகிறவர்கள். கடையில் பீடியை ஒப்படைத்துவிட்டு, புகையிலை வாசம் போகாத கையோடு நேரே வந்திருந்தார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களுக்குக் கணக்கு சொல்வது புதிதில்லை.

செபமாலை முடிந்ததும் போன வாரத்து அறிக்கையைச் செயலர் வாசித்தார். பிறகு ஒவ்வொருவராகப் பணி அறிக்கை. தெருவில் மதினி, சித்தி, அக்கா என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்கள் இந்த ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும் ஒருவரையொருவர் ‘சகோதரி’ என்கிறார்கள். அதுவும் விதி. அவ்வப்போது நழுவும்.

“கிழக்குத் தெருவில படுக்கையா கெடக்காங்கல்லா, அந்தப் பாட்டியப் பாத்தோம் சகோதரி. காலு வீங்கியிருக்கு. சேந்து ஒரு செபமாலை சொன்னோம். தலை சீவி விட்டோம்.”

“எவ்வளவு நேரம்?”

“ஒண்ணரை மணி நேரம்.”

“ரெண்டு பேரும் சேந்துதான போனிய?”

“அவளுக்கு லோடு எடுக்க வேண்டியிருந்துச்சு மதினி, முதல் அரைமணி நேரம் நான் மட்டுந்தான்.”

தலைவி பேனாவை நிறுத்தினார். இரண்டு பேராகத்தான் போக வேண்டும், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். அரைமணி நேரம் கணக்கில் ஏறவில்லை. யாரும் சண்டை போடவில்லை, ஆனால் ஏறவில்லை! ஊர்ப்பஞ்சாயத்தில்கூட நான் இவ்வளவு கறார் பார்த்ததில்லை.

அந்தப் பாட்டி வீட்டில் அரிசி இல்லை என்பதும் அறிக்கையில் வந்தது. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. மரியாயின் சேனை பொருளுதவி செய்யக் கூடாது. பணம், அரிசி, சேலை எதையும் வீடு சந்திக்கப் போகிறவர்கள் கையில் கொண்டுபோகக் கூடாது என்று அவர்களுடைய கைநூல் திட்டவட்டமாகத் தடுக்கிறது. கையில் பொட்டலத்தோடு போனால் கதவு திறப்பது பொட்டலத்துக்காக. வெறுங்கையோடு போனால்தான் வீட்டுக்காரரும் வந்தவரும் சமமாக உட்கார முடியும் என்பது டஃபின் எண்ணம். சரி, பசித்துக் கிடக்கிறவரைப் பார்த்துவிட்டு வெறுமனே செபம் சொல்லிவிட்டா வருவது? அதற்குத்தான் நோட்டில் ஒரு வரி எழுதப்பட்டது: ‘வின்சென்ட் தே பவுல் சபைக்குத் தெரிவிப்பது.’

அந்தச் சபை சேனைக்கு மூத்தது. 1833இல் பாரிஸில், இருபது வயது மாணவர் ஃபிரெடெரிக் ஓசானாம் நண்பர்களோடு தொடங்கியது. ஏழை வீட்டுக்கு நேரில் போய் உதவுவதுதான் அதன் மூல வேலை. நம் ஊர்களில் பெரும்பாலும் ஓய்வுபெற்ற வாத்தியார்கள், கடைக்காரர்கள், தபால்காரர்கள் உறுப்பினர்கள். மாதாமாதம் சில குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம், மருந்துச் சீட்டுக்குப் பணம். ஆக, பெண்கள் கண்டுபிடித்துச் சொல்ல, ஆண்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கண்டுபிடிப்பவர்களின் பெயர் எங்கும் வருவதில்லை என்பதை ஒரு பொருமலாக அந்தப் பெண்களிடம் கேட்டுப் பார்த்தேன். “பேரு எதுக்கு?” என்றார் ஒருவர். இன்னொருவர் அவ்வளவு பெருந்தன்மையாக இல்லை. “அவுகளுக்கு ஆண்டு மலர்ல போட்டோ வருதுல்லா” என்றார்.

கோயில் நிர்வாகம், திருநாள் வரி, சப்பரம், அசனம் என்று ஊர்க் காரியம் எல்லாம் ஆண்கள் கையில் இருந்த காலத்தில், தலைவி, துணைத்தலைவி, செயலர், பொருளாளர் என்று நான்கு பதவிகளையும் பெண்களே வகித்த ஒரே இடம் இந்த ஓட்டுக் கட்டடம்தான். எட்டாம் வகுப்போடு நின்றுபோனவர் வாராவாரம் அறிக்கை எழுதினார், எழுந்து நின்று வாசித்தார், திருத்தப்பட்டார். பின்னாளில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் வந்தபோது தீர்மான நோட்டைக் கண்டு இவர்கள் மிரளவில்லை. பக்தி சபைகள் பெண்களை முடக்கிப் போட்டன என்று சென்னையில் கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள், இந்த நோட்டுகளில் ஒன்றைப் புரட்டிவிட்டுப் பேசலாம்.

இவ்வளவோடு நிறுத்தினால் இது பங்குத் திருநாள் மலருக்கு எழுதிய கட்டுரையாகிவிடும். சபைகள் சாதிக்கு மேலே நின்றவை அல்ல. பக்கத்துத் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் இருக்கிற வடக்கன்குளத்தைப் பாருங்கள். 1872இல் கட்டிய கோயிலில் ஒரே பீடத்துக்கு முன்னால் இரண்டு தனித்தனி மண்டபங்கள், நடுவில் சுவர்; ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார். 1910இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். செங்கல் சுவர் போய்விட்டது. தெருவுக்கு ஒரு சபை, தெருவுக்கு ஒரு மண்டகப்படி என்கிற சுவர் பல ஊர்களில் எத்தனையோ காலம் நின்றது. மரியாயின் சேனையில் யார் யாரோடு ஜோடியாகப் போக வேண்டும், எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வது தலைவி. மேலத்தெருப் பெண்ணையும் கீழத்தெருப் பெண்ணையும் ஜோடி சேர்த்து மூன்றாவது தெருவுக்கு அனுப்பிய தலைவிகளை எனக்குத் தெரியும். இருபது வருஷம் பதவியில் இருந்தும் ஒருமுறைகூட அப்படி அனுப்பாதவர்களையும் தெரியும். விதி ஒன்றுதான்.

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினர் பணி குறித்துத் தனி ஏடு வெளியிட்டது. தமிழ்ப் பூசை, பங்குப் பேரவை எல்லாம் அந்தச் சங்கத்தின் விளைவாக வந்தவை. 1990களில் அன்பியங்கள் பரவின. இருபது முப்பது வீடுகளைச் சேர்த்து ஓர் அன்பியம். சேர வேண்டியதில்லை, அந்தத் தெருவில் குடியிருந்தாலே உறுப்பினர். பைபிள் வாசிப்பும் பகிர்வும் நடக்கின்றன. ஊரில் எல்லோரையும் உள்ளே இழுக்கும் நல்ல ஏற்பாடு. பழைய சபைகள் இதனால் மெலிந்தன என்று பெரியவர்கள் குறைப்படுவதில் உண்மை உண்டு. எனக்கு உள்ள குறை வேறு. அன்பியக் கூட்டத்தில் ‘போன வாரம் என்ன செய்தாய், எவ்வளவு நேரம்’ என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்தக் கேள்விதான் கிழக்குத் தெருப் பாட்டியின் தலையைச் சீவிவிட்டது.

இளசுகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். நான் பார்த்த கூட்டத்தில் பேரன் பேத்தி எடுக்காதவர்கள் இரண்டே பேர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கோயில் கதவு சாத்தியபோது, அந்த இருவரில் ஒருவர்தான் எல்லோரையும் போனில் ஒரே இணைப்பில் கோத்து வாராவாரம் கூட்டத்தை நடத்தியவர். செபமாலை சொன்னார்கள், அறிக்கை கொடுத்தார்கள். இரகசியப் பை மட்டும் இடித்தது. கூட்டத்தில் ஒரு துணிப்பை சுற்றி வரும். பணம் இருக்கிறவரும் இல்லாதவரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுப்பார்கள். யார் எவ்வளவு போட்டார், போட்டாரா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. ஜிபேயில் அனுப்பலாம் என்று ஒரு யோசனை வந்தது. பொருளாளர் மறுத்துவிட்டார், பெயரும் தொகையும் திரையில் பளிச்சென்று விழுமே! கடைசியில் அவரவர் வீட்டில் டப்பாவில் போட்டு வைப்பது என்று முடிவானது. மறுபடி நேரில் கூடிய வாரத்தில் எல்லோரும் முந்தானையில் முடிந்து கொண்டுவந்து பைக்குள் கையை விட்டார்கள். அத்தனை மாதச் சில்லறையும் ஒரேயடியாகக் கொட்டிய சத்தத்தில் யார் எவ்வளவு சேர்த்திருந்தார் என்பது ஊருக்கே தெரிந்துபோனதாம். பொருளாளர் இன்னும் அதை ஒரு குறையாகத்தான் சொல்கிறார்.

(தொடரும்)