வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா! புத்தக பீரோ சாவி யாரிடம்?

அவிநாசி,

பூட்டை உடைத்துத் திருடினால் அது செய்தி. பூட்டைத் திறக்காமலே பிள்ளைகளின் சொத்து பறிபோனால்...? அதுவும் செய்திதான்!

அந்தச் சொத்து, புத்தகம். பறிபோகிற இடம், பள்ளிக்கூடத்து பீரோ.

கடைக்காரர்களே! சொத்து வரி ரசீதை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். வரியோடு சேர்த்து ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி வாங்குகிறார்கள். 2 ஆயிரம் ரூபாய் வரி என்றால், நூலகத்துக்கு என்று தனியாக 200 ரூபாய். வாடகைக்குக் குடியிருப்பவரும் தப்ப முடியாது. வீட்டுக்காரர் எங்கே விடுவார்? வாடகையில் சேர்த்து வாங்கிவிடுவார்!

இந்தப் பணத்தில் நடப்பவை ஊர்ப் பொது நூலகங்கள். பள்ளி நூலகம் கல்வி இலாகா சமாச்சாரம். ஆக, பிள்ளைகளுக்கு இரண்டு வாசல் இருக்கிறது. இரண்டிலும் நுழைகிறவர்கள் எத்தனை பேர்?

சாமி பெயர் கொண்ட மந்திரி

இந்த வரிக்கு வழி செய்த சட்டம் 1948-ல் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டிலேயே முதல் நூலகச் சட்டம் அதுதான். யோசனைக்குப் பின்னால் இருந்தவர், சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ்.ஆர்.ரங்கநாதன். புத்தகம் பூட்டி வைப்பதற்கு அல்ல, எடுத்துப் படிப்பதற்கே என்பது அவர் வகுத்த முதல் விதி.

அப்போது சென்னை ராஜ்யத்தின் கல்வி மந்திரி யார் தெரியுமா? நம்ம திருப்பூரில் 1903-ல் பிறந்த அவினாசிலிங்கம் செட்டியார். அவிநாசி கோவிலில் இருக்கிற சாமியின் பெயரேதான் அவருக்கும்!

முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட தலம் இது என்பார்கள். முதலை வாய்க்குள் போன பிள்ளையே திரும்பி வந்துவிட்டான். பீரோவுக்குள் போன புத்தகம் வரக்கூடாதா?

மாணவர் பத்திரிகையில் தொடங்கி...

"பத்திரிகை, கதைப் புத்தகம் என்று சுத்தினால் மார்க் போயிடுமுங்க" என்று கவலைப்படும் பெற்றோர் அடுத்த சேதியைக் கவனிக்க.

ஈரோடு பக்கத்துக்காரர் பெரியசாமித் தூரன். சென்னையில் கல்லூரி மாணவராக இருந்தபோதே நண்பர்களோடு சேர்ந்து 'பித்தன்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். பின்னால் அவினாசிலிங்கம் நிறுவிய ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியர் ஆனார். அதன் பிறகு அதே அவினாசிலிங்கம் தலைமையில் இருந்த தமிழ் வளர்ச்சிக் கழகம் 'கலைக்களஞ்சியம்' கொண்டு வந்தபோது, முதன்மை ஆசிரியர் நாற்காலி தூரனுக்கு. 1954-ல் தொடங்கி மொத்தம் 10 தொகுதிகள்! அது போதாதென்று குழந்தைகளுக்குத் தனியாக இன்னொரு 10 தொகுதிகள்!

திருவாரூரில் படித்த ஒரு பையன் 'மாணவ நேசன்' என்ற கையெழுத்துப் பத்திரிகை நடத்தினான். 1942-ல் 'முரசொலி'யைத் துண்டுப் பிரசுரமாக விட்டான். 1969-ல் முதல் மந்திரி ஆனான். அவர்தான் மு.கருணாநிதி. கட்சி எதுவானாலும் இந்த உண்மை மாறாது.

செலவு எவ்வளவு?

கையெழுத்துப் பத்திரிகைக்கு அச்சகம் வேண்டாம். வெள்ளைத் தாள், பேனா, கலர் பென்சில், தைக்க நூல். அழகான கையெழுத்து உள்ளவன் எழுதுவான். படம் போடத் தெரிந்தவள் அட்டையை முடிப்பாள். ஒரே பிரதிதான். கை மாறி கை மாறி வகுப்பெல்லாம் சுற்றும். கடைசியில் சில பக்கங்களைக் காலியாக விடுவார்கள். படித்தவர்கள் அபிப்பிராயம் எழுத! திட்டு வாங்குவதும் அங்கேதான்.

கொஞ்சம் காசு சேர்ந்தால் சைக்ளோஸ்டைல். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளை ரிப்பன் இல்லாமல் டைப் அடித்தால், எழுத்து பட்ட இடத்தில் மெழுகு விலகும். அந்த வழியாக மை இறங்கும். உருளையைச் சுற்றச் சுற்றப் பிரதி விழும். சுற்றியவன் சட்டையிலும் மை விழும்!

ஜெராக்ஸ் வந்தது, செல்போன் வந்தது. இந்த வேலை எல்லாம் சுலபமாகிவிட்டது. ஆனால் எழுதுகிற பையனைக் காணோம்.

பத்தாம் வகுப்பு என்றால் நிறுத்தமா?

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 2022-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று 4, 5-ம் வகுப்புக்கு 'ஊஞ்சல்', 6 முதல் 9 வரை 'தேன்சிட்டு' என்று இரண்டு பத்திரிகைகள் தொடங்கப்பட்டன. 2023-ல் வாசிப்பு இயக்கம் வந்தது. சிறு சிறு புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்துக் கொடுத்தார்கள்.

நல்ல காரியம். ஆனால் 9-க்கு மேலே? 10-ம் வகுப்பில் கால் வைத்ததும் கைடு, டியூஷன், பொதுப் பரீட்சை. நூலகப் பீரியடையும் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிவிடுகிறார். கதை எழுதத் தொடங்கும் வயசில் நோட்டைப் பிடுங்குகிற கதை!

எல்லாப் பள்ளியும் இப்படி இல்லை. ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் இருந்தாலே போதும், பீரோ திறந்துவிடும். அவர் மாற்றலாகிப் போனால் மறுபடி பூட்டு. ஏன்? புத்தகம் தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். ஸ்டாக் கணக்கில் ஒன்று குறைந்தால் பொறுப்பாளர் தலையில் விழும். அதனால் கிழியாமல், அழுக்குப் படாமல், யாரும் தொடாமல் பத்திரமாக இருக்கின்றன புத்தகங்கள். கரையான் மட்டும் படிக்கிறது!

வழி என்ன?

பெரிய திட்டம் வேண்டாம். மாணவர் நூலகக் குழு போதும். வகுப்புக்கு இரண்டு பேர், ஒரு நோட்டு, வாரத்துக்கு ஒரு மணி நேரம். யார் எடுத்தார், எப்போது தந்தார் என்று பிள்ளைகளே எழுதட்டும். கிழிந்ததைப் பிள்ளைகளே ஒட்டட்டும். படித்ததைப் பற்றி நாலு வரி எழுதினால் அதுவே சுவர்ப் பத்திரிகைக்குச் சரக்கு. மாசம் ஒரு சனிக்கிழமை கிளை நூலகத்துக்கு அழைத்துப் போய் உறுப்பினர் ஆக்கினால் இரண்டாவது வாசலும் திறந்துவிடும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் மார்க் ஷீட்டை வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள்.

"ஏனுங் சார், புத்தக பீரோ சாவி யார்கிட்டீங்க இருக்குது?"

இந்த ஒரே கேள்வியை மரியாதையாகக் கேளுங்கள். வரி கட்டுகிறவர்கள் நீங்கள்... தாராளமாகக் கேட்கலாம்!