பலகையைத் திருப்பி எறியும் ரம்பம்

கோவையைச் சுற்றியுள்ள ஊர்களில், வீட்டின் பின்புறம் ஒரு சிறு பட்டறை இருப்பது புதுமையன்று. பீளமேட்டிலும் கணபதியிலும் சிங்காநல்லூரிலும் தெருவில் நடந்து சென்றால் லேத்தின் ஓசை காதில் விழும். 1932ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1937ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு அவர்களும் பாலசுந்தரம் நாயுடு அவர்களும் இந்தியாவின் முதல் மின் மோட்டாரைக் கோவையில் உருவாக்கினார்கள். மின்சாரமும் மோட்டாரும் கைக்கெட்டிய ஊரில் கைத்தொழில் வளர்ந்ததில் வியப்பில்லை.

அத்தகைய வீட்டுப் பட்டறையில் மரவேலை செய்வோர் விரும்பி வைத்துக்கொள்ளும் கருவி, மேசையில் பொருத்திய வட்ட ரம்பம். ஒரு மேசை, அதன் நடுவே ஒரு பிளவு, அந்தப் பிளவின் வழியே தலைநீட்டும் வட்டமான ரம்பத் தகடு, கீழே ஒரு மோட்டார், இடையே ஒரு பெல்ட். அமைப்பு இவ்வளவுதான். ஆயினும், மரவேலைக் கருவிகளுள் மிகுதியான விரல்களைப் பறித்த கருவிகளில் இதுவும் ஒன்று. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 30,000 பேர் இந்த ரம்பத்தில் கைபட்டு மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

இவர்களெல்லாம் கவனமின்றிக் கையை ரம்பத்தில் வைத்தவர்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது. பல நேரங்களில் பலகைதான் கையை ரம்பத்திற்குள் இழுத்துச் செல்கிறது. அது எப்படி என்று காண்போம்.

முதலில் ஒரு சிறு கணக்கு

மோட்டாரின் பெயர்த்தகட்டைப் பாருங்கள். நிமிடத்திற்கு 1440 சுற்று என்று இருக்கிறது எனக் கொள்வோம். மோட்டாரில் உள்ள கப்பி 6 அங்குலம். ரம்ப அச்சில் உள்ள கப்பி 3 அங்குலம். எனவே ரம்பம் இருமடங்கு வேகத்தில், அதாவது நிமிடத்திற்கு 2880 சுற்று சுழலும். வினாடிக்கு 48 சுற்று.

ரம்பத்தின் விட்டம் 25 சென்டிமீட்டர் என்றால் அதன் சுற்றளவு 78.5 சென்டிமீட்டர். இதை 48ஆல் பெருக்கினால், விளிம்பிலுள்ள ஒவ்வொரு பல்லும் வினாடிக்கு ஏறத்தாழ 38 மீட்டர் ஓடுவது தெரியும். மணிக்கு 136 கிலோமீட்டர்! விரைவு ரயிலையும் முந்தும் வேகம் இது.

ரம்பத்தில் 40 பற்கள் இருந்தால், ஒரு வினாடியில் 1920 பற்கள் ஓரிடத்தைக் கடக்கும். ஆபத்தைக் கண்டு கையை இழுத்துக்கொள்ள நமக்கு ஏறத்தாழ 0.2 வினாடி ஆகிறது. அதற்குள் 384 பற்கள் கடந்துவிடும். 'ஏதாவது நேர்ந்தால் கையை எடுத்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம் எவ்வளவு வீண் என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது.

முன்பல்லும் பின்பல்லும்

ரம்பத்தின் மேற்புறம் நம்மை நோக்கி வருமாறு அது சுழல்கிறது. ஆகவே, நம் பக்கத்திலுள்ள பற்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன. அவை மரத்தை வெட்டுவதோடு மேசையின்மேல் அழுத்தியும் பிடிக்கின்றன. இதனால் தீங்கில்லை.

ரம்பத்தின் மறுபக்கம் என்ன நடக்கிறது? அங்கே பற்கள் கீழிருந்து மேலே ஏறி, நம்மை நோக்கித் திரும்புகின்றன. பலகை நேராகச் செல்லும்வரை அப்பற்கள் அறுபட்ட பிளவின் நடுவே எதையும் தொடாமல் சுழலும். பலகை சற்றே கோணினால் போதும். பின்பற்கள் அதன் பக்கத்தைக் கவ்வும். கவ்விய பற்கள் பலகையைத் தூக்கி, நம்மை நோக்கி வீசும். பலகையை அழுத்திக்கொண்டிருந்த கை பிடியிழந்து ரம்பத்தின் மேலேயே விழவும் கூடும். இதனைப் 'பின்னுதை' எனலாம்.

மரமே சில வேளைகளில் இதற்குக் காரணமாகும். சரிவில் சாய்ந்து வளர்ந்த மரத்திலும் சரியாக உலராத மரத்திலும் உள்ளே ஓர் இறுக்கம் உறைந்திருக்கும். அறுத்தவுடன் அந்த இறுக்கம் விடுபட, இரு பாதிகளும் ஒன்றையொன்று நோக்கி வளைந்து ரம்பத்தை நெரிக்கும்.

இதற்கு மாற்று மிக எளியது. ரம்பத்தின் பின்னால், அதை ஒட்டி ஒரு மெல்லிய எஃகுத் தகடு நிறுத்தப்படுகிறது. அறுபட்ட பிளவினுள் இத்தகடு நுழைந்து, அது மூடிக்கொள்ளாமல் காக்கிறது. பலகை பின்பற்களின்மேல் சாயாமலும் தடுக்கிறது. மலிவான ரம்ப மேசைகள் பலவற்றில் இல்லாமற் போவதும், இருந்தாலும் 'இடைஞ்சல்' என்று கழற்றி எறியப்படுவதும் இதுவேதான்! தொழிற்சாலையில் ஆபத்தான எந்திரப் பகுதிகளுக்குத் தடுப்பு வேண்டும் என 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் கட்டளையிட்டது. வீட்டுப் பட்டறைக்கோ ஆய்வாளர் எவரும் வருவதில்லை. அங்கே நாமே ஆய்வாளர்.

மின்சாரம் போய் வந்தால்?

அறுத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுவிடுகிறது. சுவிட்சை அணைக்க மறந்து, ரம்பத்தருகே சிக்கிய சிம்பை ஒருவர் விரலால் எடுக்கிறார். அந்த நொடியில் மின்சாரம் திரும்பினால் என்ன ஆகும்?

இதற்கான விடை நம் தோட்டத்துக் கிணற்றடியிலேயே இருக்கிறது. பம்ப் மோட்டாரின் ஸ்டார்ட்டரில் பச்சை, சிவப்பு என இரு பொத்தான்கள் உண்டு. பச்சையை அழுத்தியதும் உள்ளேயுள்ள மின்காந்தம் இணைப்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் நின்றால் காந்தம் வலுவிழக்கும். சுருள்வில் இணைப்பைப் பிரித்துவிடும். மின்சாரம் திரும்பினாலும், மறுபடி பச்சையை அழுத்தும்வரை மோட்டார் ஓடாது. இதுவே 'நோ வோல்ட் காயில்' செய்யும் வேலை.

இரவில் எழுந்து செல்ல அலுத்து, மின்சாரம் வந்தவுடன் தானாக ஓடும் 'ஆட்டோ ஸ்டார்ட்டர்' வைப்பதும் நம் பக்கத்தில் வழக்கம். தண்ணீர் இறைக்க அது வசதி. ரம்பத்திற்கோ அது எமன். ரம்பத்திற்கு நோ வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டரே வேண்டும். சிம்பை எடுப்பதானாலும், பல்லைத் தொடுவதானாலும், முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

சுவிட்சை அணைத்த பின்னும் ரம்பம் நிலைமத்தால் சிறிது நேரம் சுழலும் என்பதையும் மறக்கலாகாது. கப்பியை மாற்றி வேகத்தைக் கூட்டுவது அதனினும் தவறு. வேகம் இருமடங்கானால், தகட்டைப் பிய்க்க முயலும் விசை நான்கு மடங்காகும்.

எதிரே நிற்கும் உதவியாளர்

மாணவர்களே, உயர்நிலைப் பள்ளி வயதில் நீங்கள் இந்த எந்திரத்தைத் தனியே இயக்கக் கூடாது. ஆனால், "தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கம் பிடி" என்று அப்பாவோ மாமாவோ அழைக்கக் கூடும். அப்போது உங்கள் வேலை பலகையின் முனையைக் கீழிருந்து தாங்குவது மட்டுமே. இழுக்கக் கூடாது. நீங்கள் பக்கவாட்டில் சற்றே இழுத்தாலும், நீண்ட பலகை நெம்புகோலாகி, ரம்பத்தருகே பெரும் விசையாக மாறிப் பின்பற்களில் போய்ச் சாயும். அடிபடுவது அப்பாவின் கையாக இருக்கும்.

இயக்குபவரும் ரம்பத்தின் நேர்க்கோட்டில் நில்லாமல் சற்று விலகி நிற்க வேண்டும். பலகை குறுகலானால் கையால் தள்ளாமல் கட்டையால் தள்ள வேண்டும். பல்லின் உயரம் அளவுக்கே ரம்பம் பலகைக்கு மேல் தெரிந்தால் போதும். தோளில் துண்டு, கையுறை, தளர்ந்த சட்டைக்கை ஆகியவை வேண்டா, கண்ணாடி வேண்டும். பழைய வீட்டு உத்தரமானால் ஆணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரத்தூள் மூக்கில் ஏறாமல் துணியோ முகமூடியோ கட்ட வேண்டும். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் தரவல்லது என்று 1995ஆம் ஆண்டிலேயே பன்னாட்டு ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது.

1999ஆம் ஆண்டில் ஸ்டீபன் காஸ் என்னும் அமெரிக்க இயற்பியலர் ஒரு புதுமை செய்தார். அவரது ரம்பத்தில் மெல்லிய மின் சைகை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். விரல் பட்டதும் உடல் அந்தச் சைகையில் ஒரு பகுதியை ஈர்த்துக்கொள்ள, ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து பற்களைக் கவ்வி, ஏறத்தாழ 5 மில்லி வினாடியில் ரம்பத்தை நிறுத்திவிடும். நம் கணக்குப்படி, அதற்குள் பத்துப் பற்களும் கடந்திரா! ஆனால், இந்த அரிய கருவியும் விரலைத்தான் அறியும். பலகை திருப்பி எறியப்படுவதை அது தடுக்காது. அதைத் தடுப்பது பின்னால் நிற்கும் அந்த எளிய தகடுதான்.

உங்கள் வீட்டிலோ உறவினர் பட்டறையிலோ வட்ட ரம்பம் இருந்தால், அது ஓடாமல் நிற்கும்போது ரம்பத்தின் பின்புறம் பாருங்கள். தகடு இருக்கிறதா? இல்லையென்றால் பெரியவர்களிடம் இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். நிச்சயம் காது கொடுத்துக் கேட்பார்கள்.