இரண்டு நெஃப்ரான் போதும்

மனிதச் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டும் நுண்ணலகுகள், உண்டு. எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் வரை வடிகட்டி, ஒன்றரை லிட்டரைச் சிறுநீராக வெளியே விட்டு, மிச்சத்தை ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. இத்தனை சிக்கலான உறுப்பில், இளங்கலை படிக்கும் ஒருவர் கோடை விடுமுறைக்குள் உருப்படியாக என்ன ஆராய்ந்துவிட முடியும்?

சரியான மீன் கிடைத்தால் முடியும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலோரத்தில் உள்ள மவுன்ட் டெசர்ட் தீவு உயிரியல் ஆய்வகத்தில் இது பழைய உத்தி. 1920களில் ஆய்வாளர் ஈ.கே. மார்ஷல் அங்கே எடுத்துக்கொண்டது, ரத்தத்தை வடிக்கும் குளோமருலஸே இல்லாத கடல்மீன்களை. வடிகட்டி இல்லாமலே அவை சிறுநீர் கழித்தன. நெஃப்ரானின் குழாய்ச் சுவரும் தானே கழிவை வெளித்தள்ளும் என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

அந்த ஆய்வகத்தில் கோடைதோறும் கல்லூரி மாணவர்களுக்கு இடம் உண்டு. சிறுநீரக ஆய்வில் இன்று பெயர் வாங்கியிருப்பதோ நம் கங்கைச் சமவெளி ஓடைகளிலும் நீந்தும் ஜீப்ராமீன். அதன் குஞ்சுக்கு இரண்டே நெஃப்ரான்கள். கருவுற்ற இரண்டு நாளில் அவை வடிகட்டத் தொடங்கிவிடும். உடலோ கண்ணாடி மாதிரி.

சோதனைக்கு முந்தைய மாலையில் ஆண், பெண் மீன்களுக்கு நடுவே தடுப்பு வைப்பார்கள். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால் சற்று நேரத்தில் முட்டைகள் தொட்டியின் அடியில் கிடக்கும். முக்கால் மணி நேரத்தில் கரு இரண்டாகப் பிளந்துவிடும். அதற்குள் மயிரிழையை விட மெல்லிய ஊசியால், ஒரு மரபணுவை முடக்கும் கரைசலை ஏற்ற வேண்டும். கை நடுங்கினால் முட்டை போச்சு. மூன்றாம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தால், சிறுநீரக நீர்க்கட்டி நோய்க்கான மரபணு முடங்கிய குஞ்சின் உடல் வளைந்திருக்கும். தலைக்குப் பின்னால் தெளிந்த குமிழிகள் புடைத்திருக்கும். வளைந்தவை எத்தனை, நேரானவை எத்தனை என்று எண்ணுவது சலிப்பான வேலைதான். எந்தத் தட்டில் மரபணு முடங்கிய குஞ்சுகள், எதில் சாதாரணக் குஞ்சுகள் என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்த்துவிடும்.

எனக்கு மிகப் பெரிய வியப்பு வேறொன்று. நமக்கு நெஃப்ரான் உருவாவது தாய் வயிற்றிலேயே, ஏறத்தாழ 36 வாரத்தோடு, நின்றுவிடுகிறது. பிறகு ஒரு நெஃப்ரான் அழிந்தால் அழிந்ததுதான். வளர்ந்த ஜீப்ராமீனுக்கு ஜென்டமைசின் மருந்தைச் செலுத்திக் குழாய்களைச் சிதைத்தாலோ, சில வாரங்களுக்குள் அது புத்தம்புதிய நெஃப்ரான்களை முளைக்கவிடுகிறது. அவற்றுக்கு விதையாகும் செல்களை 2011இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். பச்சையாக ஒளிரும்படி மரபணு மாற்றப்பட்ட மீனில், அந்தச் செல்கள் கொத்தாகச் சேர்வதை நுண்ணோக்கியில் நேரடியாகவே பார்க்கலாம்.