காஞ்சியிலிருந்து கடல்மல்லைக்கு

“ஒரே நாளில் காஞ்சிபுரத்துக் கோயில்களையும் சேவித்து, பட்டும் எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் மகாபலிபுரம் கடற்கரையில் காலையும் நனைத்துவிட்டுத் திரும்பிவிடலாமா?” என்று, விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம் வெளியூரிலிருக்கும் உறவினரும் நண்பரும் என்னைக் கேட்பதுண்டு. இரண்டு நாள் ஒழித்துக்கொண்டு வாருங்கள், முதல் நாளைக் காஞ்சிக்கும் மறுநாளைக் கடலுக்கும் கொடுங்கள் என்பதே என் மாறாத விடை. பல்லவர்களின் இராஜதானியாக இருந்த எங்கள் ஊரான காஞ்சியும், அவர்களுடைய துறைமுகமாக விளங்கிய கடல்மல்லை என்னும் மகாபலிபுரமும், ஏறக்குறைய 65 கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே வம்சத்தாரின் கைவண்ணத்தைப் பங்கிட்டு வைத்திருக்கின்றன; ஒன்றைப் பார்த்த கண்ணோடு மற்றொன்றைப் பார்ப்பவருக்கே இரண்டும் முழுமையாக விளங்கும்.

எப்போது வருவது என்பது முதல் யோசனை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழை ஓய்ந்து, மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதிலிருந்து மாசி முடியும் வரையில் உள்ள காலமே பிரயாணத்துக்குச் சௌகரியமானது. சித்திரையும் வைகாசியும் வெயிலின் உக்கிரம் மிகுந்தவை. ஆனால் வைகாசியில் வரதராஜப் பெருமாளின் கருட சேவையைத் தரிசிக்க வேண்டுமென்ற பக்தியோடு வருகிறவர் வெயிலையும் ஜனத்திரளையும் மனமுவந்து ஏற்றே வரவேண்டும். சிற்பங்களை நின்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறவரோ உற்சவ நாட்களைத் தவிர்ப்பதே நலம். நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை திருக்குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதரைத் தரிசிக்க 2019-ஆம் ஆண்டில் 48 நாட்களும் திரண்ட கூட்டத்தைக் கண்டவர்கள், இச்சிறிய நகரத்தின் வீதிகள் எவ்வளவு ஜனங்களைத்தான் தாங்கும் என்று வியந்தார்கள்.

இரண்டாவது யோசனை எல்லாவற்றிலும் முக்கியமானது. காஞ்சிக் கோயில்களில் நண்பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள். மாலை நான்கு மணிக்குத்தான் மீண்டும் திறப்பார்கள். ஸ்பெயின் தேசத்துத் தென்கரைப் பட்டணங்களில் பிற்பகலில் கடைகளை அடைத்து ஓய்வெடுக்கும் வழக்கம் உண்டென்றும், கடலாட வரும் அயலூரார் அதை அனுசரித்தே தங்கள் பொழுதை வகுத்துக்கொள்கிறார்கள் என்றும் கேள்விப்படுகிறோம். நம் ஸ்தலங்களுக்கு வருகிறவர்களும் அந்த மரியாதையை இவ்வூரின் நடுப்பகலுக்குச் செலுத்தவேண்டும். ஒரு பங்குனி மாதத்தில், தாமதமாக வந்து சேர்ந்த விருந்தினரைப் பதினொன்றரை மணிக்குமேல் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். சந்நிதியை அடைவதற்குள் நடை சாத்திவிட்டார்கள். கொதிக்கும் கற்பாவின்மேல் வெறுங்காலோடு நின்ற வயோதிக அத்தை ஒருவர் பட்ட வேதனையைப் பார்த்த பிறகு, காலை ஆறரைக்குப் பின் எவரையும் வீட்டில் நிறுத்தி வைப்பதில்லை என்று விரதம் பூண்டேன்.

ஆதலால் விடியற்காலையிலேயே நகரின் மேற்கெல்லையிலுள்ள கைலாசநாதர் கோயிலில் பயணத்தைத் தொடங்குங்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் எழுப்பிய அக்கோயிலின் பிராகாரத்தைச் சுற்றி 58 சிறு சந்நிதிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் சிலவற்றில் பல்லவர் காலத்து வர்ணச் சித்திரங்களின் சுவடுகள் இன்றும் எஞ்சியிருக்கின்றன. பின்னங்கால்களில் நிமிர்ந்து, கண் பிதுங்கி, பிடரி சுருண்டு நிற்கும் சிங்கத் தூண்களில் ஏதேனும் ஒன்றின் முன் ஐந்து நிமிஷம் நின்று அதன் முகத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அது பயன்படும். அங்கிருந்து வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குச் சென்றால், நின்றும் இருந்தும் கிடந்தும் பெருமாள் மூன்று நிலைகளில் சேவை சாதிப்பதோடு, பிராகாரச் சுவரில் பல்லவ வம்ச சரித்திரமே கல்லில் எழுதப்பட்டிருப்பதையும், பன்னிரண்டு வயதுப் பாலகனாக அழைத்துவரப்பட்டு அரியணை ஏறிய நந்திவர்மன் கதை அதில் இடம்பெற்றிருப்பதையும் காணலாம். ஏகாம்பரநாதரையும் காமாட்சியம்மனையும் தரிசிக்க அதன் பிறகும் அவகாசம் இருக்கும்.

நடை சாத்திய நடுப்பகல் வீணாகப் போவதில்லை. அது தறிகளைப் பார்ப்பதற்கு உகந்த வேளை. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறியின் ஓசை கேட்கும். வாசலில் நின்று அனுமதி கேட்டு உள்ளே போங்கள். பாவின்மேல் வியர்வைக் கையை வைக்காதீர்கள். குழித்தறியில் கால்களை இறக்கி, மிதியை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே நெய்த ஒரு பெரியவர், நான் அழைத்துச் சென்ற பெண்மணியிடம், “கரைக்கு வேற நாடா, உடலுக்கு வேற நாடாம்மா, துணியைத் திருப்பிப் புடிச்சுத் தடவுங்க, சேத்த இடம் விரலுக்கே தெரியும்” என்றார். அவ்வாறே தடவிப் பார்த்தபோது, முன்பக்கம் கண்ணுக்குப் புலப்படாத அந்த இணைப்பு பின்பக்கத்தில் மெல்லிய வரம்பாக விரலில் இடறியது. கோர்வை என்று அதற்குப் பெயர். நெய்கிறவர் ஒருவர், எதிர்க்கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்கும் துணையாள் ஒருவர் என இருவர் உழைப்பில் உருவாவது அது.

இதை ஒருமுறை கண்டவருக்குப் புடவை வாங்கும் புத்தி தானே வந்துவிடும். வழியில் எதிர்ப்பட்டு, “நல்ல கடை காட்டுகிறேன்” என்று அழைப்பவரைப் பின்தொடராமல், கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையத்துக்கோ நீங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்ட கடைக்கோ நேரே செல்லுங்கள். பட்டு முத்திரையும் கைத்தறி முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன்முலாம் பூசியது. நுனியைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியவேண்டும். ரசீது கேட்டு வாங்குங்கள். விலையைக் குறைக்கச் சொல்லி வாதாடுமுன், அந்தப் புடவைக்காகக் குழியில் இறங்கிய கால்களை ஒரு கணம் நினையுங்கள்.

மாலையில் வரதராஜர் சந்நிதி. நூற்றுக்கால் மண்டபத்தின் மூலைகளில் கல்லிலேயே கோத்துத் தொங்கும் சங்கிலிகள். மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்ந்த மாவை ஊற்றி வேகவைக்கும் கோயில் இட்லி கிடைத்தால், அதுவே இரவு ஆகாரமாகட்டும். அன்றிரவு காஞ்சியிலேயே தங்குங்கள்.

மறுநாள் அதிகாலையில் செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குப் புறப்படலாம். குடையும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். கடல்மல்லையில் நிழல் குறைவு. 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமான அவ்வூரில் ஐந்து ரதங்களையும், பாறை முழுதும் தேவரும் யானையும் முனிவருமாக உயிர் பெற்ற அர்ச்சுனன் தபசையும் வெயில் ஏறுமுன் பார்த்துவிடுங்கள். சிற்பப் பட்டறைகளில் உளி ஓசை கேட்கும். கனத்த சிலையை வாங்குவதானால், அனுப்பும் கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கடலைப் பற்றி ஓர் எச்சரிக்கையை மனப்பூர்வமாகச் சொல்கிறேன். வங்கக் கடல் இக்கரையில் பார்வைக்குச் சாந்தமாக இருக்கும் நாளிலும் அடியில் இழுப்பு உடையது. நீச்சல் தெரிந்த வாலிபர்களே அதற்கு இரையாகியிருக்கிறார்கள். கணுக்கால் நனைய நின்று அனுபவியுங்கள், குழந்தைகளின் கையை விடாதீர்கள். வலையைச் சீர்செய்துகொண்டு கரையில் உட்கார்ந்திருக்கும் மீனவர் ஒருவர் வேண்டாமென்றால், அதற்குமேல் ஓரடியும் எடுத்து வைக்காதீர்கள்.

கடைசியாகக் கடற்கரைக் கோயிலுக்கு வாருங்கள். அதுவும் இராஜசிம்மன் எழுப்பியதே. அதன் சுவரிலும் அதே சிங்கங்கள் நிமிர்ந்து நிற்கின்றன; ஆனால் பதின்மூன்று நூற்றாண்டுகளாக உப்புக்காற்று உரசி உரசி, பிடரியின் சுருளையும் கண்ணின் வளைவையும் கரைத்துவிட்டது. நேராக இங்கே வந்திறங்குகிறவருக்கு அது தேய்ந்த கல். முந்திய நாள் காலையில் காஞ்சியில் அதன் எதிரே ஐந்து நிமிஷம் நின்றவருக்கோ, காற்று எதைக் கொண்டுபோயிற்று என்பது தெரியும். அவர் அந்த முகத்தை அடையாளம் கண்டுகொள்வார்.