கருவி வரும் முன்பே வந்துவிட்ட மென்பொருள்

2022 பிப்ரவரியில் வால்வ் நிறுவனம் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கணினியை வெளியிட்டது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் ஆகிய இடங்களில் மட்டும் விற்பனை. மலேசியாவின் பெயர் பட்டியலில் இல்லை. அந்த ஆண்டு ஜொகூர் பாருவில் அது வேண்டும் என்றவர்கள் இறக்குமதி வியாபாரிகளைத்தான் தேடிப் போக வேண்டியிருந்தது. ஆனால் அதை இயக்கும் மென்பொருளின் முக்கியமான பகுதி 2018 முதலே இங்கே இருந்தது. லினக்ஸ் போட்ட என் பழைய மடிக்கணினியிலும் அது ஓடிக்கொண்டிருந்தது, காசில்லாமல். இந்தக் கருவிகளைப் பற்றி எழுத எனக்கு ஆசை வந்ததே அதனால்தான்.

கணினி விளையாட்டுகளில் பெரும்பாலானவை விண்டோஸுக்காக எழுதப்படுகின்றன. ஒரு விளையாட்டு ஓடும்போது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இயங்குதளத்திடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும்: இந்தக் கோப்பைத் திற, இந்த ஒலியை எழுப்பு, இந்த முக்கோணத்தை வரை. ஸ்டீம் டெக்கில் இருக்கும் லினக்ஸுக்கு அந்தப் பேச்சு புரியாது. நம் ரப்பர்த் தோட்டங்களில் துரை ஆங்கிலத்தில் இட்ட உத்தரவைத் தொழிலாளிக்குத் தமிழில் எடுத்துச் சொல்லக் கிராணியார் இருந்தாரே, அந்த வேலையைச் செய்வது 1993இல் தொடங்கிய வைன் என்ற கட்டற்ற மென்பொருள். வெறும் மொழிபெயர்ப்பு என்பதால்தான் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. முழு விண்டோஸையும் லினக்ஸுக்குள் உருவாக்கி ஓட்டத் தேவையில்லை. கேட்கப்படுவதை மாற்றிச் சொன்னால் போதும்.

படம் வரைவதுதான் நெடுநாள் சிக்கலாக இருந்தது. விண்டோஸ் விளையாட்டுகள் டைரக்ட்3டி வழியாக வரைகலைச் சில்லுடன் பேசுகின்றன. நீயர்: ஆட்டோமேட்டா என்ற விளையாட்டை லினக்ஸில் ஆட ஆசைப்பட்ட ஃபிலிப் ரெபோலே, அந்தக் கட்டளைகளை 2016இல் வந்த வல்கன் என்ற திறந்த முறைக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே மென்பொருளை எழுதினார். வால்வ் அவருடைய வேலைக்கு ஆதரவு தந்தது. வைனையும் டிஎக்ஸ்விகேயையும் சேர்த்து 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்ற பெயரில் வெளியிட்டது. ஒரு மனிதரின் சொந்த ஆசை இத்தனை பேருக்குப் பயன்பட்டதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சிதான்.

அதைவிட ஆழமான வேலை லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே நடந்தது. ஒரு விளையாட்டுக்குள் பல இழைகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஒன்று முடிக்கும்வரை இன்னொன்று காத்திருக்கும். ‘இந்தப் பத்து வேலைகளில் எது முதலில் முடிந்தாலும் என்னை எழுப்பு’ என்று விண்டோஸிடம் சொல்லலாம். லினக்ஸின் ஃபியூடெக்ஸ் என்ற காத்திருப்பு முறையிலோ ஒரு நேரத்தில் ஒன்றுக்காகத்தான் காத்திருக்க முடிந்தது. சுற்றி வளைத்துச் செய்யும்போது நேரம் வீணாகி ஆட்டம் திக்கியது. கொலாபோரா நிறுவனத்தின் ஆந்த்ரே அல்மெய்டா எழுதிய திருத்தம் 2022 ஜனவரியில் 5.16ஆம் கர்னலில் சேர்ந்தது. கோட்வீவர்ஸ் நிறுவனத்தின் எலிசபெத் ஃபிகுரா இன்னும் ஒரு படி மேலே போனார். விண்டோஸின் காத்திருப்பு முறையை அப்படியே தரும் அவருடைய என்டிசிங்க், 2025 மார்ச்சில் 6.14ஆம் கர்னலில் இடம்பெற்றது. கர்னலுக்குள் போனது யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. ஸ்டீம் டெக் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் அதே பலன், உபுண்டு போட்டிருக்கும் மாணவருக்கும் கிடைக்கிறது.

கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் பதிப்புக்கு 669 கிராம் எடை, 7 அங்குலத் திரை. சிங்கப்பூர் வேலைக்குக் கடற்பாலம் தாண்டும் பேருந்தில் நெரிசல் நேரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு முக்கியமான கேள்வி, மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான். அந்தப் பதிப்பின் மின்கலம் 40 வாட்-மணி. சில்லு மட்டும் 4 முதல் 15 வாட் வரை உறிஞ்சும். திரையில் 1280க்கு 800 புள்ளிகள்தான், முழு எச்டி திரையில் பாதி. அதனால் வரைய வேண்டியதும் பாதியாகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு: திரையை நொடிக்கு 40 முறை மட்டும் புதுப்பிக்கச் செய்வது. நொடிக்கு 60 படச்சட்டங்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிநொடி, 30 என்றால் 33.3. இரண்டுக்கும் நட்டநடுவில் இருப்பது 25 மில்லிநொடி, அதாவது 40 சட்டங்கள். 30ஐவிடப் பத்துதான் கூடுதல். கை அழுத்துவதற்கும் திரை அசைவதற்கும் உள்ள இடைவெளியிலோ 60ஐ நோக்கிப் பாதி தூரம் வந்துவிடுகிறோம். மின்கலமும் கூடுதல் நேரம் நிற்கிறது.

இப்படிப்பட்ட திரைக்குப் பொருத்தமான விளையாட்டு ஒன்றை எந்தத் தமிழரும் தவறவிடக் கூடாது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்த் தாய், கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் செய்கிறாள்; மகன் கவினோ மெல்ல மெல்லத் தமிழைவிட்டு விலகுகிறான். அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது 2024இல் அதற்குக் கிடைத்தது. ஒரே மாலையில் முடித்துவிடலாம். மனத்திலிருந்து போக நாளாகும்.

லினக்ஸில் ஓடாத விளையாட்டுகளும் உண்டு. வேலரண்ட் ஓடாது. அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வான்கார்ட், விண்டோஸ் கர்னலுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்கிறது. புரோட்டானால் அங்கே எட்ட முடியாது. ஃபோர்ட்நைட்டும் ஓடாது. ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸையும் 2024 அக்டோபரில் லினக்ஸ் பயனர்களுக்கு மூடிவிட்டார்கள். லினக்ஸில் ஏமாற்றுபவர்களைப் பிடிப்பது கடினம் என்பது நிறுவனங்களின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு விளையாட்டுக்காக என் கணினியின் அடிவேர்வரை அனுமதி கொடுக்க எனக்கு மனமில்லை.

விலையில் இன்னொரு சிக்கல் வந்திருக்கிறது, அதுவும் நம் ஜொகூர் மாநிலத்தைத் தொட்டு. கூலாயில் ஒய்டிஎல் நிறுவனம் அமைக்கும் தரவு மையப் பூங்காவின் திட்டமிட்ட மின்திறன் 500 மெகாவாட். அங்கே என்விடியாவுடன் சேர்ந்து செயற்கை நுண்ணறிவுக் கணினிகளை அமைப்பதாக 2023 டிசம்பரில் அறிவித்தார்கள். இத்தகைய மையங்களிலும் பெரும்பாலும் லினக்ஸ்தான். உலகெங்கும் அவை நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால் 2025 இறுதியில் நினைவக விலை ஏறியது. 16 ஜிபி நினைவகம் தேவைப்படும் கையடக்கக் கருவிகளுக்கு இது நேரடி அடி.

ஆகவே புதிய கருவிக்கு அவசரப்பட வேண்டாம் என்பேன். ஸ்டீம் டெக் மட்டுமே வழியும் அல்ல: 2025 மே மாதத்திலிருந்து லெனோவோவின் லீஜியன் கோ எஸ்ஸும் ஸ்டீம் டெக்கின் இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ்ஸுடன் வருகிறது. ஃபெடோராவிலிருந்து உருவான பாசைட், அதே அனுபவத்தை மற்றக் கையடக்கக் கருவிகளுக்கும் கொண்டுவருகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்ததால் ஓரங்கட்டப்பட்ட மடிக்கணினி வீட்டில் இருந்தால், முதலில் அதில் லினக்ஸைப் போட்டுப் பாருங்கள். விளையாட்டை வாங்கும் முன் புரோட்டான்டிபி தளத்தில் அதன் பெயரைத் தேடுங்கள்; எந்தச் சில்லில், எந்தப் பதிப்பில் ஓடியது என்று ஆடியவர்களே எழுதியிருப்பார்கள். உங்கள் கூட்டாளிகள் எல்லாரும் வேலரண்ட் ஆடுபவர்கள் என்றால், விண்டோஸை இப்போதைக்கு அழிக்காதீர்கள்.