கிராசிங்குக்காக நிற்கும் வண்டி

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அவர் மகள், தேர்வில் வந்த நிலை–காலம் வரைபடத்தைப் பார்த்து, ‘வண்டி முதலில் மேடேறுகிறது, பிறகு சமதளத்தில் ஓடுகிறது, கடைசியில் பள்ளத்தில் இறங்குகிறது’ என்று எழுதி பூஜ்யம் வாங்கி வந்தாளாம். “படம் அப்படித்தானே ஐயா இருக்கிறது?” என்று கேட்கிறார்.

படம் அப்படித்தான் இருக்கிறது. அந்த வயதில் நானும் அதையேதான் எழுதினேன். எனக்கும் பூஜ்யம்தான். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விளங்கியது பள்ளிக்கூடத்தில் அல்ல, ரயில்வேயில். என் பெரியப்பா செக்‌ஷன் கண்ட்ரோலராக இருந்தவர். அவர் மேஜையை அடைத்துக்கொண்டு ஒரு சார்ட் விரிந்திருக்கும். கிடைவாட்டில் நேரம், மேலிருந்து கீழாக ஸ்டேஷன் பெயர்கள், ஊர்களுக்கு நடுவே உள்ள தூரத்துக்குத் தக்க இடைவெளியில். ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டரும் வண்டி வந்த நேரம், போன நேரம் சொல்லச் சொல்ல, பென்சிலால் புள்ளி வைத்துக் கோட்டை இழுத்துக்கொண்டே போவார். ஒரு கோடு, ஒரு ரயில்.

அந்தத் தாளில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கோடு படுத்துக் கிடந்தால் வண்டி நிற்கிறது என்று பொருள். நேரம் போகிறது, ஊர் மாறவில்லை. கோடு நிமிர நிமிர வேகம். எக்ஸ்பிரஸ் விறைப்பாகப் போகும், கூட்ஸ் சாய்ந்து படுத்தபடி போகும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் அது திரும்பி வருகிற வண்டி. நெட்டுக்குத்தாக மட்டும் ஒரு கோடு வரவே வராது. வந்தால், ஒரே நொடியில் ஒரு ரயில் எல்லா ஸ்டேஷனிலும் இருந்தது என்றாகிவிடும்! சாய்வுதான் திசைவேகம் என்று பாடநூல் சொல்வது இவ்வளவுதான்.

இது பழைய வித்தை. நாடித்துடிப்பையும் குதிரையின் குளம்படியையும் கோடாக மாற்றிப் பார்த்த பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியேன் ஜூல் மரே, 1878இல் வெளியிட்ட தன் நூலில் பாரிஸ்–லியோன் ரயில்களை இப்படித்தான் ஒரே படத்தில் அடைத்துக் காட்டினார்.

எனக்குப் பிடித்த இடம், இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம். அங்கே இரண்டுக்கும் ஒரே வேகம் என்று எழுதாத மாணவர்கள் குறைவு. வேகமும் திசையும் ஒன்றாக இருந்தால் கோடுகள் இணையாக அல்லவா போக வேண்டும்? வெட்டினால், ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றன என்று மட்டுமே பொருள். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருப்பது என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் பெரியப்பாவின் சார்ட்டில் ஒவ்வொரு வெட்டும் ஸ்டேஷன் கோட்டின் மேலேயே விழும். இரண்டு கோடுகளையும் மனசுக்குள் நீட்டிப் பார்ப்பார். நடுவழியில் வெட்டும் போலிருந்தால், ஒரு வண்டியை முந்தைய ஸ்டேஷனின் லூப் லைனில் ஒதுக்கச் சொல்லி, அதன் கோட்டைப் படுக்க வைப்பார். ‘கிராசிங்குக்குப் போட்டுட்டான்யா’ என்று நாம் ஜன்னலோரம் அலுத்துக்கொள்கிற அரைமணி நேரம், அங்கே ஒரு சிறு கிடைக்கோடு.

இன்னொரு பிரெஞ்சுக்காரர், கணித அறிஞர் எதுவார் லூக்கா, ஒரு புதிர் போட்டார். தினமும் நண்பகலில் லெ ஹாவரிலிருந்து ஒரு கப்பல் நியூயார்க்குக்கும், அங்கிருந்து ஒன்று இங்கேயும் புறப்படுகின்றன. பயணம் ஏழு நாள். இன்று கிளம்பும் கப்பல் எதிரே எத்தனை கப்பல்களைச் சந்திக்கும்? ஏழு என்றுதான் வாய் முந்தும். கோடு போட்டு எண்ணிப் பாருங்கள்: நடுக்கடலில் 13, இரு துறைமுகங்களிலும் ஒவ்வொன்று, ஆக 15.

இப்போது கண்ட்ரோல் அறைகளில் அதே கோடுகளைக் கம்ப்யூட்டர் வரைகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. வகுப்பறையில் அந்தத் தாள் என்னவாயிற்று என்பதில்தான் வருத்தம். கிராஃப் தாள் என்றாலே பரீட்சையன்று விடைத்தாளோடு நூல் கட்டிக் கொடுக்கிற சமாச்சாரம் என்றாகிவிட்டது. யாரோ வரைந்த கோட்டின் சாய்வைக் கணக்கிடச் சொல்கிறோம். பிள்ளை காலையில் வீட்டிலிருந்து நடந்து, கடையில் நின்று, மறந்துபோன டிபன் பாக்ஸுக்குத் திரும்பி ஓடி, பிறகு பள்ளிக்குப் போனதை ஒரு கோடாக வரையச் சொல்லியிருந்தால், மேடு பள்ளம் என்று அவள் எழுதியிருப்பாளா?

நண்பரே, அந்தப் பூஜ்யத்தை விடுங்கள். ஏதாவது ஓர் ஒற்றைப் பாதையின் கால அட்டவணையை எடுத்து, இரு திசை வண்டிகளையும் மகளை வரையச் சொல்லுங்கள். கோடுகள் நடுவழியில் வெட்டினால் பதற வேண்டாம். பெரும்பாலும் அந்த இடத்தருகே, அட்டவணையில் பெயரில்லாத ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கும்.